சீன ஓவியர் வாங் ஹூய்

பிறர் எழுதிய ஓவியத்தைப் பார்த்து எழுதுவோரை உலகம் பெரும்பாலும் உயர்வாக மதிப்பதில்லை. தாமாகப் படைப்பவரே கலைஞர் என்பதும், படியெடுப்பவர் கைத்தொழிலாளரே என்பதும் பலர்தம் துணிபு. ஆயினும், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முன்னோர் ஓவியங்களைப் படியெடுப்பதிலும் அவர்தம் நெறியைத் தழுவி எழுதுவதிலும் செலவிட்டு, அவ்வழியாகவே தம் நாட்டு ஓவியர் வரிசையில் தலைமை எய்தினார் ஒருவர் சீன நாட்டிலே வாழ்ந்தனர். அவர் பெயர் வாங் ஹூய். 1632-ஆம் ஆண்டு முதல் 1717-ஆம் ஆண்டு வரை வாழ்ந்த இப்பெரியாரின் வரலாறு, முன்னோரைக் கற்றலென்பது யாது, முன்னோரைக் களவாடுதலென்பது யாது, அவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை எங்குளது என்னும் வினாக்களை நம்முன் நிறுத்துகின்றது. கற்கும் பருவத்தினராகிய நமக்கு இவ்வினாக்கள் புறக்கணிக்கத் தக்கன அல்ல.

அவர் வரலாற்றைச் சொல்லப் புகுமுன், அவர் கைக்கொண்ட கலையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இயற்கைக் காட்சியை எழுதும் ஓவியத்தைச் சீனர் ஷான்சுயி என்ற பெயரால் வழங்குவர். மலையும் நீரும் என்பது அதன் பொருள். இதற்கு வண்ணங்கள் இன்றியமையாதன அல்ல. பைன் மரத்தை எரித்தெடுத்த புகைக்கரியைப் பசையோடு சேர்த்து இறுக்கிய மைக்கட்டியைக் கல்லின்மேல் நீர்விட்டு உரைத்து மையாக்குவர். அம்மையில் நீர் மிகுந்தால் அது தொலைவிலே பனி மூடிய குன்றமாகும். நீர் குறைந்தால் அண்மையிலுள்ள பாறையின் நிழலாகும். ஒரே கருமையினின்று எண்ணிறந்த சாயல்களைத் தோற்றுவிப்பதே இக்கலையின் திறம். பட்டிலேனும் தாளிலேனும் ஒருமுறை படிந்த மையைத் துடைத்து மீண்டும் எழுதுதல் இயலாது. எழுதுவோன் கை தயங்குமாயின் அத்தயக்கமும் அழியாது நின்றுவிடும்.

மலையின் மேனியைக் காட்டும் கோடுகளுக்கும் தனித்தனி முறைகள் உண்டு. பத்தாம் நூற்றாண்டினராகிய டொங் யுவானும் ஜூரானும், நாரைப் பிரித்து வைத்தாற்போன்ற நீண்ட மெல்லிய கோடுகளால், மண் செறிந்த தென்னாட்டு மலைகளை எழுதினர். சொங் அரசமரபின் காலத்தவராகிய லீ தாங் முதலியோர், கோடரியால் வெட்டியது போன்ற சாய்ந்த கீற்றுகளால் கற்பாறைகளை எழுதினர். மீ ஃபூ என்பவரும் அவர் மகனாரும் கிடையான புள்ளிகளை அடுக்கி, மழையில் நனைந்த குன்றுகளைத் தோற்றுவித்தனர். ஆகவே, ஒரு மையோவியத்தைச் செவ்வனே படியெடுக்க விரும்புவோன் அதன் உருவத்தோடு நின்றுவிடுதல் ஆகாது. அதனை எழுதிய கையின் விரைவும் அழுத்தமும் ஓய்வும் தன் கையிலும் வந்து பொருந்துமாறு பழகுதல் வேண்டும்.

இங்ஙனம் பழகுதலைச் சீனர் நெடுங்காலமாகவே கல்வியின் ஒரு கூறாகக் கொண்டனர். ஏறத்தாழக் கி.பி. 500-ஐ ஒட்டி வாழ்ந்த ஷியே ஹே என்னும் அறிஞர் ஓவியத்துக்கு ஆறு நெறிகள் வகுத்தார். அவற்றுள் முதலாவது ஓவியத்தில் உயிர்ப்புத் துலங்கவேண்டும் என்பது. ஆறாவது முன்னோர் ஓவியங்களைப் பெயர்த்தெழுதி வழிவழியாக அளித்தல் வேண்டும் என்பது. பெயர்த்தெழுதுதலிலும் மூன்று நிலைகள் கூறுவர். மூலத்தின்மேல் மெல்லிய தாளையிட்டுக் கோட்டின்மேற் கோடாக எழுதுதல் மோ எனப்படும். மூலத்தை அருகே வைத்து நோக்கிக் கண்ணளவாலே எழுதுதல் லின் எனப்படும். மூலத்தின் உருவைப் பின்பற்றாது, அதனை எழுதிய ஆசிரியரின் நெறியை மட்டும் உள்ளத்திற்கொண்டு புதியதொன்றை எழுதுதல் ஃபாங் எனப்படும். முதலாவது கையைப் பழக்கும். இரண்டாவது கண்ணைப் பழக்கும். மூன்றாவது உள்ளத்தைச் சோதிக்கும். வாங் ஹூயின் வாழ்க்கை இம்மூன்று படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய வரலாறே என்னலாம்.

வாங் ஹூய் பிறந்த ஊர் யாங்சி ஆற்றின் தென்பாலுள்ள சாங்ஷு என்பது. அவர் தந்தையாரும் பாட்டனாரும் பூட்டனாரும் ஓவியர்களே. ஊரும் ஓவியத்துக்குப் பெயர் பெற்றது. யுவான் அரசமரபின் காலத்துப் பேரோவியராகிய ஹுவாங் குங்வாங் (1269–1354) தோன்றியதும் அவ்வூரிலேதான். ஊரை அடுத்து நிற்கும் யூ மலையைச் சிறுவராகிய வாங் ஹூய் நாள்தோறும் நோக்கியிருப்பர். அம்மலையையே தம் பழம்பெரும் ஊரவரான ஹுவாங் குங்வாங்கும் நோக்கினார் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியிருத்தல் இயல்பு.

ஆனால் அவர் பிறந்த காலம் அமைதியான காலம் அன்று. 1644-ஆம் ஆண்டில் மிங் அரசமரபு வீழ்ந்தது. மறு ஆண்டு மஞ்சூரியப் படைகள் யாங்சி ஆற்றைக் கடந்து தென்னாட்டிற் புகுந்தன. நகரங்கள் பல சூறையாடப்பெற்றன. செல்வக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் போற்றிய ஓவியச் சுருள்கள் சிதறின. சில விற்கப்பட்டன, சில எரிந்தன. அப்பொழுது வாங் ஹூய்க்குப் பதின்மூன்று வயது. பட்டும் தாளும் எத்துணை எளிதில் அழிவன என்பதைக் கண்ணெதிரே கண்ட தலைமுறை அது. முன்னோர் ஓவியத்தைப் படியெடுத்தல் அத்தலைமுறையினர்க்குப் பொழுதுபோக்காக இருந்திலது; அழிவினின்று மீட்கும் பணியாகவே இருந்தது.

1651-ஆம் ஆண்டில் வாங் ஜியன் (1598–1677) என்னும் முதிய ஓவியர் சாங்ஷுவுக்கு வந்தார். அவர் வாங் ஹூய்க்கு உறவினர் அல்லர். குடும்பப் பெயர் மட்டுமே ஒன்று. ஒரு விசிறியின்மேல் எழுதப்பெற்றிருந்த சிறு காட்சியொன்று அவர் கண்ணிற் பட்டது. எழுதியவர் யாரென வினவிப் பத்தொன்பது வயது இளைஞரொருவர் என அறிந்து வியந்து, அவரை அழைத்துத் தம் மாணவராக்கிக்கொண்டார். ஆயினும் உடனே ஓவியம் கற்பித்தாரில்லை. முதலிற் பல திங்கள் பழைய கையெழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகுமாறு பணித்தார். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் தூரிகை ஒன்றே யாதலின், எழுத்திற் கை உறுதிப்பட்ட பின்னரே மலையையும் மரத்தையும் எழுதுதல் முறையென அவர் கருதினார். இளைஞர் பொறுமையோடு அங்ஙனமே பழகினார்.

பின்னர் வாங் ஜியன் தம் மாணவரைத் தைசாங் நகரில் வாழ்ந்த வாங் ஷிமின் (1592–1680) என்பாரிடம் சேர்ப்பித்தார். இவர் மிங் அரசில் தலைமை அமைச்சராயிருந்தவர் ஒருவரின் பேரர். அக்காலத்து ஓவிய அறிஞருட் சிறந்து விளங்கிய டொங் சிச்சாங் (1555–1636) என்பவரிடம் இளமையிற் பயின்றவர். அரசு மாறிய பின்னர்ப் பதவியை நாடாது ஒதுங்கி வாழ்ந்தவர். அவர் இல்லத்திற் பழைய ஓவியங்கள் பல இருந்தன. வாங் ஹூய் எழுதிய படங்களைக் கண்ட அளவில், இவருக்கு யான் ஆசிரியனாதல் எங்ஙனம், இவரன்றோ எனக்கு ஆசிரியராகத் தக்கவர் என அம்முதியவர் மனம் நெகிழ்ந்தார் என்பர். நாற்பது ஆண்டு மூத்தவர் ஒருவர் தம் மாணவரின் மேன்மையை இங்ஙனம் அழுக்காறின்றி ஏற்றுக்கொண்டமை நினைக்குந்தோறும் இன்பந் தருவதாம்.

வாங் ஷிமின் தம் ஓவியங்களை எல்லாம் இளைஞர்முன் விரித்துவைத்தார். அதனோடு அமையாது, ஆற்றின் வடபாலும் தென்பாலும் வாழ்ந்த பிற செல்வர் இல்லங்களுக்கும் அவரை உடனழைத்துச் சென்று, அங்கிருந்த பழம்படங்களைக் காணவும் படியெடுக்கவும் வாய்ப்பளித்தார். அக்காலத்தில் பொதுமக்கள் கண்டு கற்கத்தக்க ஓவியக் கூடங்கள் இல்லை. அச்சிட்ட வண்ணப்படங்கள் வழியாக முன்னோர் தூரிகையின் நுட்பத்தை உணர்தலும் இயலாது. உடையவர் மனமுவந்து காட்டினாலன்றி மூலத்தை ஒருவர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணுதல் அரிது. ஒருமுறை கண்டதை மறவாது கொள்ளுதற்குப் படியெடுத்தலே வழி. இவ்வாறு பல ஆண்டுகள் உழைத்து, டொங் யுவான், ஜூரான், ஃபான் குவான், ஹுவாங் குங்வாங், நீ சான், வாங் மெங் முதலிய பேராசிரியர் பலர்தம் முறைகளையும் வாங் ஹூய் தம் கைவசமாக்கினார். நீ சான் சில மரங்களும் ஒரு வெற்றுக் குடிலும் எழுதி, எஞ்சிய தாளை வெறுமையாக விடுபவர். வாங் மெங் தாளின் மூலை முடுக்கெல்லாம் கோடுகளால் நிரப்புபவர். இவ்விருவரையும் ஒரே கை குறைவின்றி எழுதிற்று என்றால், அக்கை பெற்ற பயிற்சி எத்துணையது என்பதை நாமே உய்த்துணரலாம்.

ஈண்டு ஒரு குறையையும் மறையாது சொல்லுதல் வரலாற்றுக்கு முறையாகும். கைத்திறம் மிகுந்த இடத்தில் வஞ்சனையும் வந்து புகுதல் உலகியல்பு. வாங் ஹூயின் காலத்தவரான சோவ் லியாங்குங் (1612–1672) என்பவர் தாம் அறிந்த ஓவியரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலில் அவர் தரும் செய்தி இது: சூசோ நாட்டுப் பக்கத்தார் பலர் வாங் ஹூயைக் கொண்டு பழைய முறையிற் படங்கள் எழுதுவித்து, அவற்றைப் பழஞ்சுருள் போல ஒட்டி அணிசெய்து, பழம்பொருள் விரும்புவாரிடம் மூலமென விற்றனர், பழுத்த அறிவுடைய ஆய்வாளரும் அவை தம் காலத்தார் ஒருவர் எழுதியவை என அறிந்தாரில்லை. இச்செய்தி அவர் கைத்திறத்துக்குப் பெரும்புகழ். ஆனால் நேர்மைக்கு இழுக்கு. கற்றவன் கற்ற பொருளைத் தன் ஆசிரியர் பெயரால் விலைகூறுதல், ஆசிரியரையும் வாங்குவோரையும் ஒருங்கே ஏமாற்றுதலாம்.

எனினும் வாங் ஹூய் அந்நிலையிலே நின்றுவிடவில்லை. அவர் தம் பெயரால் எழுதிய எண்ணிறந்த படங்களின் ஓரத்தில், இஃது இன்ன முன்னோரின் நெறியைத் தழுவி எழுதப்பெற்றது என வெளிப்படையாக எழுதி, ஆண்டைக் குறித்துத் தம் முத்திரையையும் பதித்திருக்கின்றார். போலிக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் தூரிகையில் இல்லை. ஓரத்தில் எழுதிய அச்சிறு வரியிலேயே உள்ளது. கடன்பட்டதைக் கடனென்று ஒப்புக்கொள்பவன் கள்வன் ஆகான். அவ்வரியை எழுதியபின், முன்னோருக்கும் தமக்கும் உள்ள உறவு யாதென்னும் வினா அவர்முன் எஞ்சி நின்றது. அதற்கு விடைகாண அவருக்குத் துணைநின்றது ஒரு சுருளின் வரலாறு.

அச்சுருள் அவரூர்ப் பேரோவியராகிய ஹுவாங் குங்வாங் எழுதிய ஃபூச்சுன் மலைவாழ்வு என்பது. அரசுப் பணியிற் சிறு பதவி வகித்து, சிறையும் கண்டு, முடிவில் துறவு வாழ்க்கையை மேற்கொண்ட அவர், தமது முதுமையில், 1347-ஆம் ஆண்டளவில் ஃபூச்சுன் ஆற்றங்கரை மலைகளை ஒரு நீண்ட தாட்சுருளில் எழுதத் தொடங்கினார். செல்லுமிடமெல்லாம் அதனை எடுத்துச்சென்று, மனம் விரும்பியபொழுது சிறிது சிறிதாக எழுதி வந்தார். 1350-ஆம் ஆண்டில், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், அதனை உயுங் என்னும் தம் நண்பருக்கு உரியதென்று குறிப்பெழுதினார். பிற்காலத்தில் ஷென் சோவ் (1427–1509) என்னும் ஓவியர் கைக்கு அது வந்து, பின் அவரிடமிருந்து களவு போயிற்று. அவர் 1487-இல் நினைவைக் கொண்டே அதனைப் படியெடுத்தார். அப்படி இன்றும் பெய்ஜிங் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் உள்ளது.

மூலம் பின்னர்ப் பலர் கைமாறி, வூ ஹுங்யூ என்பாரிடம் வந்தது. அவர் அதனை உயிரினும் மேலாகப் போற்றினார். 1650-ஆம் ஆண்டில் சாகுந்தறுவாயில் அதனைத் தம்மோடு மறுமைக்குக் கொண்டுசெல்ல விரும்பித் தீயிலிடுமாறு பணித்தார். சுருள் தீயிலிடப்பெற்றது. அவருடன்பிறந்தார் மகன் விரைந்து அதனை வெளியே இழுத்து, வேறொரு சுருளைத் தீயிலிட்டு மீட்டார். எனினும் தொடக்கப் பகுதி எரிந்தொழிந்தது. எஞ்சியது இரு துண்டாயிற்று. சிறு துண்டு அரை மீட்டர் நீளமே உள்ளது. அஃது இப்பொழுது ஹாங்சோ நகரிலுள்ள செஜியாங் மாநிலக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றது. பெருந்துண்டு ஆறு மீட்டருக்கு மேற்பட்டது. அது தைப்பேய் நகரத் தேசிய அரண்மனைக் காட்சிக்கூடத்தில் உள்ளது. இரண்டும் 2011-ஆம் ஆண்டில் தைப்பேயில் ஒரே கூடத்தில் அருகருகே வைத்துக் காட்டப்பெற்றன. எரிந்துபோன தொடக்கத்தில் இருந்தவை யாவை என்று ஆராய்வோர் பழைய படிகளையே துணையாகக் கொள்கின்றனர். உடையவன் அன்பு மிகுதியால் எரித்ததைப் படியெடுத்தவன் அன்பு காத்துவைத்தது.

வாங் ஹூய் இச்சுருளை ஒருமுறை படியெடுத்து அமைந்தாரல்லர். தாங் குடும்பத்தாரிடம் இருந்த ஒரு படியைக் கொண்டு, முப்பது வயதை ஒட்டிய காலத்தில் முதலாவதாக எழுதினார். பின்னும் பல ஆண்டுகளில் பலமுறை எழுதினார். அவற்றுள் ஒன்று இன்று வாஷிங்டன் நகரில் ஃபிரீயர் ஓவியக் கூடத்தில் உள்ளது. இப்படிகளைப் பற்றி அவருடைய உயிர்த்தோழராகிய யுன் ஷவ்பிங் (1633–1690) ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கின்றார். முதற்படியில் வாங் ஹூய் முன்னோர் வகுத்த அளவைகளால் கட்டுண்டு கிடந்தார் என்றும், தம் விருப்பம்போல் நடமாடும் உரிமையை அப்பொழுது அடைந்தாரல்லர் என்றும் அவர் ஒளிக்காது கூறுகின்றார். பின்னர் டா சுங்குவாங் என்னும் நண்பரின் பொருட்டு அதே படியை மீண்டும் வருவித்து எழுதியபொழுது, வில்லினின்று உண்டை விடுபட்டு ஓடுவதுபோல அவர் கை ஓடிற்றாம். இச்செய்தியைக் கேள்வியுற்ற முதியவர் வாங் ஷிமின் பெருமகிழ்ச்சியுற்றுத் தமக்கும் ஒன்று எழுதித்தர வேண்டினர்.

இந்நிகழ்ச்சியை ஊன்றி நோக்குக. மூலம் மாறவில்லை, தாளும் மையும் மாறவில்லை, அதே மலை, அதே ஆறு, அதே மரங்கள். மாறியவர் எழுதியவரே. முதன்முறை அவர் கோட்டை நோக்கினார், கோடு கிடைத்தது. மீண்டும் மீண்டும் எழுதியபின், அக்கோட்டை இழுத்த முதியவரின் மனநிலை அவர்க்குப் புலனாயிற்று. செல்லுமிடமெல்லாம் சுருளைச் சுமந்து, மனம் விரும்பியபொழுது எழுதிய ஹுவாங் குங்வாங்கின் தனியுரிமையைப் படியெடுக்க வேண்டுமாயின், படியெடுப்பவனும் உரிமையுடையவனாதல் வேண்டும். அடிமைபோலப் பார்த்தெழுதிய படி உருவத்தால் ஒத்திருக்கும், உயிரால் ஒவ்வாது. ஷியே ஹே வகுத்த ஆறாம் நெறி முதலாம் நெறியிற் சென்று கலக்குமிடம் இதுவேயாம்.

இவ்வுண்மையை வாங் ஹூய்க்கு எடுத்துக்காட்டிய யுன் ஷவ்பிங்கைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அவரும் சிறந்த ஓவியர். வாங் ஹூயின் மலைக்காட்சிகளைக் கண்டபின், அத்துறையிலே இரண்டாமவராக நிற்றலைவிட வேறு துறையை நாடுதல் நன்றென்று கருதி, மலரோவியத்தைத் தமக்குரியதாகக் கொண்டார் என்று சீன வரலாறு கூறும். தம்மை விஞ்சியவரை வெறுத்தற்கு மாறாக அவர்க்கு வாழ்நாள் முழுதும் நண்பராயினார். நண்பருடைய படங்களின் ஓரங்களிற் பாட்டும் குறிப்பும் எழுதினார். குறை கண்டவிடத்துக் குறையும் கூறினார். அவர் வறுமையிலேயே வாழ்ந்து 1690-இல் இறந்தபொழுது, ஈமக்கடனைச் செய்தற்கும் அவர் மகனிடம் பொருளில்லை. வாங் ஹூயே முன்னின்று நண்பரை அடக்கஞ் செய்தார். இவ்விருவரோடு வாங் ஷிமின், வாங் ஜியன், வாங் ஷிமினின் பேரராகிய வாங் யுவான்சி, வூ லீ என்னும் நால்வரையுஞ் சேர்த்துச் சிங் அரசமரபின் தொடக்ககாலப் பேரோவியர் அறுவர் என்பர். இவருள் வூ லீ வாங் ஹூயின் ஊரிலே அவர் பிறந்த ஆண்டிலேயே பிறந்தவர். பிற்காலத்தில் இயேசு சபையிற் சேர்ந்து, 1688-இல் குருப்பட்டம் பெற்று, 1718-இல் ஷாங்காயில் இறந்தவர். ஒரே ஊரில் ஒரே ஆசிரியரிடம் பயின்ற இருவர் எத்துணை வேறுபட்ட வழிகளிற் சென்றனர் என்பது எண்ணத்தக்கது.

டொங் சிச்சாங் பழைய ஓவியரை வடமரபினர், தென்மரபினர் என இரு பிரிவாக்கி, அறிஞராயிருந்து எழுதிய தென்மரபினரையே மாணாக்கர் பின்பற்றுமாறு வற்புறுத்தியிருந்தார். வாங் ஹூய் இவ்வேலியைக் கடந்தார். இரு மரபினர் ஓவியங்களையும் தம் கையாலேயே எழுதிப் பார்த்தவராதலின், எதனையும் செவிவழிச் செய்தி கொண்டு தள்ளவில்லை. யுவான் காலத்தாரிடம் தூரிகையின் நயத்தையும், சொங் காலத்தாரிடம் மலைத்தொடரின் பெருமிதமான அமைப்பையும், தாங் காலத்தாரிடம் உயிர்ப்பையும் பெற்று, மூன்றையும் ஒருங்கிணைத்தலே நிறைவான ஓவியம் என்பது அவர் கொள்கை. பலரையும் படியெடுத்தவர் எவர்க்கும் அடிமையாகாது நின்றமைக்கு இக்கொள்கையே சான்று.

அவருடைய புகழ் தலைநகர்க்கும் எட்டியது. பேரரசர் காங்ஷி 1689-இல் தென்னாட்டிற் சுற்றுப்பயணஞ் செய்தார். அப்பயணத்தை ஓவியமாக எழுதுவிக்க விரும்பி, 1691-இல் வாங் ஹூயைப் பெய்ஜிங்குக்கு வரவழைத்தனர். அவர் தலைமையில் யாங் ஜின் முதலிய மாணவரும் பிற ஓவியரும் கூடிப் பன்னிரண்டு பெருஞ்சுருள்களில் அதனை எழுதி முடித்தனர். மலைகளும் ஆறுகளும், மதில்சூழ்ந்த நகரங்களும், கடைத்தெருக்களும், ஆயிரக்கணக்கான மாந்தரும் அவற்றில் இடம்பெற்றுள்ளனர். ஜினான் நகரினின்று தாய் மலை வரையுள்ள வழியைக் காட்டும் மூன்றாஞ்சுருள் மட்டும் ஏறத்தாழ 14 மீட்டர் நீளமுடையது. அது நியூயார்க்கு நகரத்து மெட்ரோபாலிட்டன் காட்சிக்கூடத்தில் உள்ளது. பிற சுருள்களுட் சில பெய்ஜிங்கிலும் பாரிசிலும் இருக்கின்றன. இப்பயணத்துக்கு முன்னோர் எவரும் மூலம் எழுதி வைத்திருக்கவில்லை. இத்துணைப் பெரிய நாட்டை அவரே வகுத்தமைக்க வேண்டியிருந்தது. ஆயினும், நாற்பது ஆண்டுகளாக அவர் பெயர்த்தெழுதிய மலைகள் எல்லாம் அவர் கைக்குள்ளே இருந்தன. வேண்டியபொழுது வேண்டியவாறு அவை வெளிப்போந்தன.

பணி முடிந்தபின் மலையும் நீரும் தெளிந்தொளிர்வன என்னும் பொருளுடைய நான்கு எழுத்துகள் அரண்மனையினின்று அவர்க்குப் பரிசாகக் கிடைத்தன. அப்பரிசைப் போற்றி, அதனின்றே தமக்கொரு புனைபெயரும் அமைத்துக்கொண்டார். பதவியை ஏலாது, 1698-இல் தம் ஊருக்கு மீண்டார். மறு ஆண்டு, யாங்சி ஆற்றின் முழுநெடுமையையும் ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருளில் எழுதினார்; அஃது இப்பொழுது பாஸ்டன் நகரத்து நுண்கலைக் கூடத்துக்கு உரியது. அதன்பின்னும் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1717-இல் இறந்தார்.

அவர் இறந்தபின் அவர் நெறிக்கு நேர்ந்ததையும் கூறாதுவிடின் இவ்வரலாறு நிறைவெய்தாது. அவரையும் மற்றை மூன்று வாங்குகளையும் பின்வந்தோர் படியெடுத்தனர். அப்படிகளை அவர்க்குப் பின்வந்தோர் படியெடுத்தனர். மலையை நோக்குவார் குறைந்தனர்; மலையோவியத்தை நோக்குவாரே மிகுந்தனர். உண்மை காணும் கண்ணும் மங்கலாயிற்று. ஃபூச்சுன் சுருளின் போலியொன்றை 1745-இல் பெற்ற பேரரசர் சியான்லுங், அதனையே மூலமென நம்பி, அதன்மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதி நிரப்பினார். மறு ஆண்டு உண்மைச் சுருளே வந்து சேர்ந்தபொழுது அதனைப் படியென்று ஒதுக்கினார். அவர் ஒதுக்கியமையாலேயே அஃது அரசர் எழுத்துகளால் நிறையாமல் தப்பியது என்பது வியப்பு. முடிவில் 1919-இல் சென் துசியூ என்னும் எழுத்தாளர், வாங் மரபினரின் படங்களிற் பெரும்பாலன பிறரைத் தழுவியனவே என்றும், சீன ஓவியம் உய்யவேண்டுமாயின் அம்மரபை வீழ்த்தவேண்டும் என்றும் முழங்கினார்.

அவர் கூற்று முற்றும் பொய்யன்று. பிறர் சுவட்டில் நடப்பவன் தரையை நோக்கியே நடப்பானாயின், சுவடு எத்திசையிற் சென்றது என்பதையும் மறந்துவிடுவான். ஆயின் அக்குற்றத்தை வாங் ஹூயின்மேற் சுமத்துதல் பொருந்தாது. அவர் முதலிற் கோட்டைக் கற்றார். பின்னர்க் கோட்டை இழுத்த கையைக் கற்றார். முடிவிற் கையை இயக்கிய உள்ளத்தைக் கற்றார். பின்வந்தோர் முதற்படியிலேயே இல்லங் கட்டிக் குடியேறினர். அதற்குப் படியை நொந்து பயன் யாது?

மாணவ நண்பர்களே! நாமும் ஆசிரியர் சொல்லியதை எழுதுகின்றோம், நூலிலுள்ளதைப் பெயர்த்தெழுதுகின்றோம், தேர்வில் அதனையே திருப்பித் தருகின்றோம். அதனால் நாம் இழிந்தோம் அல்லோம். கல்வி அங்கேதான் தொடங்குகின்றது. ஆனால் பிறர் பொருளை எழுதும்பொழுது பிறருடையதென்று ஓரத்தில் ஒரு வரி எழுதும் நேர்மை நமக்கு வேண்டும். ஒருமுறை எழுதியதோடு அமையாது, கட்டுத் தளரும் வரை மீண்டும் மீண்டும் எழுதும் பொறுமையும் வேண்டும். இவ்விரண்டும் உடையார்க்கு, முன்னோர் எழுதிய மலை ஒருநாள் தம் மலையாகத் தோன்றும்.